பின் சீட்டு லினெட்

சூலியா தெருவில் லினெட் வாடகைக்கு விடும் ஸ்கூட்டரை எந்தச் சுற்றுலாப் பயணியும் உடனே எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. முதலில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று வர வேண்டும். வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாட்டுக்காரர்கள் பழக்க தோஷத்தில் முதல் சந்தியிலேயே வலது ஓரம் போவார்கள். லினெட் அவர்களின் இடது தோளில் ஓங்கித் தட்டுவாள். மூன்று தட்டு வாங்கியவருக்கு ஸ்கூட்டர் கிடையாது, சைக்கிள்தான்.

போன வருடம் டென்மார்க்கிலிருந்து வந்த அறுபது வயதுப் பெண்மணி ஒரு தட்டும் வாங்காமல் சுற்றி வந்தார். பாலிக் பூலாவ் மலைச்சாலையில் ஓட்டுவது சிரமமா என்று கேட்டார். தனக்கு ஓட்டவே தெரியாது என்றாள் லினெட். பதினோரு வருடமாகக் கடை நடத்தியும் அதுவரை அவள் ஸ்கூட்டர் ஓட்டியதே இல்லை.

"எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அது லினெட்டைச் சுட்டது. மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். குறுகிய பலகைமேல் ஓட்டும் டெஸ்டில் இரண்டு தடவை விழுந்து, மூன்றாவதில் பாஸானாள்.

நேற்றுக் காலை கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். தம்பி ரயன் பின்னால் ஏறிக்கொண்டான். முதல் சந்தியில் அவளுடைய இடது தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"கைய எடு லா. நான் என்ன நேத்து பிளேன்ல வந்தவளா? பாலிக் பூலாவ் போற வரைக்கும் சும்மா உக்காந்து வா."