பஸ்ஸை விட்ட கோழி

"நீ கதைச்சு அந்த டேனிஷ்கார மனுசனுக்கு என்னடி விளங்கப்போகுது?" என்று மாமி கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் டேனிஷை வகுப்பாசிரியையே மெச்சியிருந்தார். நேரே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

அம்மாவின் தம்பியான மாமா, பிராண்டே என்ற டேனிஷ் ஊரில் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவருக்குத் தெரிந்தது தொழிற்சாலை டேனிஷ். அதை வைத்துக்கொண்டு ஓர் இயந்திரத்தை நிறுத்தலாம், லீவு கேட்கலாம். இசையைப் பற்றிப் பேச முடியாது. அதற்குத்தான் நான்.

அவரோடு வேலை செய்த ஐரிஷ்காரர் ஒருவர் நாட்டுக்குத் திரும்பியபோது, தன் தகப்பனாரின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கசெற்றில் பதிந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒரு குழல், ஒரு பிடில், வேறொன்றுமில்லை. மெட்டுகளின் பெயர்களை அவர் எழுதவில்லை. ஆகவே மாமாவே பெயர் வைத்தார். ஒன்று 'மழைக்குள்ள சைக்கிள்'. இன்னொன்று 'கொதிக்கிற கேத்தில்'. கடைசி மெட்டு துள்ளித் துள்ளி ஓடிவரும். நாடா முடிவதால் பாதியில் அறுந்துவிடும். அதற்குப் பெயர் 'பஸ்ஸை விட்ட கோழி'.

"அந்தக் கோழி எங்க போய்ச் சேர்ந்தது எண்டு தெரியாமல் நான் சாகமாட்டன்" என்பார் மாமா.

"வரட்டும், கறி வைக்கிறன்" என்பார் மாமி.

அந்தக் குளிர்காலத்தில் காரின் பிளேயர் கசெற்றைத் தின்றுவிட்டது. இருந்த பாதியும் போனது. மாமா அந்த இசைத்தட்டையே தேடத் தொடங்கினார். ஹேர்னிங்கின் பழைய சாமான் கடைகளில் கிடைக்கவில்லை. தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் ஒருவர் வீடு நிறைய ஐரிஷ் இசைத்தட்டு வைத்திருக்கிறார் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் கடலுக்கு மேலான பெரிய பாலத்தைக் கடந்து போனோம். வழி முழுவதும் மாமா ஸ்டியரிங்கில் தாளம் தட்டி அந்தப் பாதி மெட்டை முனகிக்கொண்டே ஓட்டினார்.

ஹ்விடோவ்ரேக்காரர் முதலில் மெட்டின் பெயரைக் கேட்டார். பஸ்ஸைத் தவறவிட்ட கோழி என்று டேனிஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐரிஷ் மெட்டுகளுக்கு உண்மையாகவே அப்படித்தான் பெயர் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவர் முழங்காலில் நின்று தட்டுத் தட்டாக எடுத்து மெட்டுகளின் பெயர்களைப் படித்தார். கோழிகள் இருந்தன. பஸ் எதிலும் இல்லை.

பிறகு அவர் மாமாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்: "மாமா, உங்களுக்குப் பாட வருமோ எண்டு கேக்கிறார்."

மாமாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "ஐயோ பிள்ளை, நான் என்ன பாட்டுக்காரனே? கோயில்லயே வாய் திறக்கிறேல்லை. வராது எண்டு சொல்லு."

வராது என்று சொன்னேன். அவர் கையை விரித்தார். எனக்குக் கேக் தந்தார்.

"நல்லாக் கதைச்சாய் பிள்ளை" என்றார் மாமா, திரும்பும்போது. ஒரு சொல்லிலும் நான் தடுமாறவில்லை. மாமியிடம் போய், "அவருக்கு எல்லாம் விளங்கினது" என்றேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். நான் படித்த நகரத்தில் ஐரிஷ் இசை வாசிப்பவர்கள் கூடும் கடை ஒன்றுக்குப் போன வருடம் போயிருந்தேன். ஒரு பெண் பெயர் தெரியாத மெட்டொன்றைக் கேட்டாள். "பாடு" என்றார்கள் டேனிஷில். அவள் சொல்லே இல்லாமல், லை லை என்று கொஞ்சம் இழுத்தாள். பிடில்காரர் உடனே பிடித்துக்கொண்டார்.

ஹ்விடோவ்ரேக்காரர் கேட்டதும் அவ்வளவுதான். பாட்டென்றால் சொல் வேண்டும், நல்ல குரல் வேண்டும் என்று நினைக்கும் வீட்டுப் பிள்ளை நான். காரில் மாமா வழி முழுவதும் செய்துகொண்டு வந்ததுதான் அந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மனிதர் இப்போது இல்லை. அவருடைய இசைத்தட்டுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. இயந்திரச் சத்தம் மாமாவின் காதைக் கெடுத்துவிட்டது. குழலின் உயர்ந்த சுரங்கள் அவருக்கு இனிக் கேட்காது. பிடில் இன்னும் கேட்கிறது என்கிறார்.

போன ஞாயிறு அவரைக் குசினியில் இருத்தி, அந்த மெட்டை முனகச் சொல்லிக் கைபேசியில் பதிந்தேன். மாமி அடுப்பின் மேலிருந்த காற்றாடியை நிற்பாட்டினார். திங்கட்கிழமை அதை டப்ளினிலுள்ள ஓர் இசைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். மிச்சம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.