கலைத்த கட்சி

ராசிபுரம் பேருந்து நிலையச் சுவரில் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சூடு ஆறாத மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும், வெண்ணந்தூரில் எங்கள் பழைய வீடு கண்முன் வந்துவிட்டது.

அங்கே அம்மா தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் அண்டாவில்தான் கட்சிக்குப் பசையும் கிண்டுவாள். அப்பா கூலிக்குத் தறி நெய்தவர், சோசலிஸ்ட் கட்சிக்காரர். "தறி நெய்யறவனுக்கே சொந்தமாகோணும். ஆனா ஒருத்தர் மேலயும் கை வெக்கக் கூடாது, ஓட்டுலயே சாதிக்கோணும்" என்பார். கூலி உயர்வு கேட்டு அவர் தலைமையில் தறிகள் நின்றிருந்த சமயத்தில், கட்சியின் மாவட்டத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"கட்சியைக் கலைச்சுப் பெரிய கட்சியில சேர்ந்துட்டமுங்க" என்றார்.

தறி முதலாளி இருந்ததும் அந்தப் பெரிய கட்சியில்தான்.

"எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? எதுவானாலும் ஓட்டெடுக்கோணும்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றார் அப்பா. தலைவர் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே அப்பா வாசலில் தறியை நிறுத்தியிருந்த ஆட்களைக் கூட்டி ஓட்டெடுத்தார். இணைப்பு வேண்டாமென்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஆனால் அந்த முடிவைக் கேட்க மேலே கட்சியே இல்லை. பசி தாங்காமல் ஒவ்வொருவராகப் பழைய கூலிக்கே திரும்பினார்கள். கடைசியாகப் போனவர் அப்பா. அன்று அம்மா போட்ட சோற்றை அவர் தொடவில்லை.

அந்த நினைப்போடே பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்தேன். படுக்கையில் கிடக்கும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தத் தடவை யாருக்குப் போடறது சாமி?"

ஊருக்கே அதைச் சொல்லிக் கொடுத்தவர் கேட்கிறார்.