பிரெஞ்சுக் கவிதைக்கு ம் கொட்டிய அத்தை

எங்கள் கோவில்பட்டியில் பிரெஞ்சுக் கவிதை வாசித்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

அப்பா ஓர் ஓட்டலில் மேனேஜராக இருந்தார். முதலாளியின் மகள் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர். பிரான்சிலிருந்து சுற்றுப்பயணம் வந்த மூன்று கவிஞர்களை அவர்தான் ஒரு சாயங்காலம் எங்கள் ஊருக்கும் அழைத்து வந்துவிட்டார். ஊரில் கவிதை கேட்க வருபவர்களைக் கொண்டு ஓட்டல் ஹாலில் பாதி நாற்காலிகூட நிரம்பாது என்று தெரிந்ததும், வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று.

அப்போது அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில் இருந்தாள். புதியம்புத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் ரெக்சின் பையோடு வந்து இறங்கிவிட்டாள். புருஷன் வீட்டை விட்டு வந்தவளிடம் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் வந்தேன் என்று அவள் வாயெடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். அப்பாவுக்கு டிவி என்றால் உயிர் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கிளம்பும்போதும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “ஏட்டி, அங்கன யாரும் மூச்சுக் காட்டக் கூடாது. மொதலாளி முன்னால என் மானத்த வாங்கிராதீங்கன்னு ஒங்க அத்தைகிட்டயும் சொல்லு.” அத்தை பக்கத்தில்தான் நின்றாள்.

ஓட்டல் வாசலில் ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்தார்கள். உள்ளே போனால் சத்தமே கூடாது என்றார்கள். கடித்தால் கேட்குமே! ஹால் முழுக்க மிட்டாயை வாயில் ஊறப்போட்டுக்கொண்டு, பல்வலி வந்தவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம்.

முதலில் இரண்டு ஆண்கள் வாசித்தார்கள். ஹாலில் ஏசி இரைவது மட்டும் கேட்டது. மூன்றாவதாக வந்தவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மா. ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தினார்.

“ம்” என்றாள் அத்தை.

எங்கள் பக்கம் ஒருவர் எதையாவது சொன்னால் கேட்பவர் ம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால், கேக்கியா இல்லியா என்று சொல்கிறவர் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். அதற்காகப் பிரெஞ்சுக்குமா? நான் அத்தையின் தொடையைக் கிள்ளினேன்.

“பாவம்ட்டி” என்றாள் காதோடு. “ஒருத்தி வாய்விட்டுச் சொல்லிக்கிட்டிருக்கா. ஒருத்தரும் ம் கொட்டலன்னா அவ மனசு என்ன பாடுபடும்?”

அடுத்த வரி. மறுபடியும் “ம்”. முதலாளி திரும்பிப் பார்த்தார். வாசலருகே நின்ற அப்பாவின் முகம் செத்துவிட்டது. அந்த அம்மா தாளிலிருந்து தலையைத் தூக்கி, யார் என்று தேடி, அத்தையைக் கண்டுபிடித்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் அத்தையிடமே சொல்லி, அவள் ம் கொட்டும்வரை காத்திருந்தார். கடைசியில் வாட்ச்மேன் வீட்டம்மாவிலிருந்து பின்வரிசை வரைக்கும் ஹாலே ம் கொட்டியது. வெட்கத்தில் நான் மிட்டாயைக் கடித்துவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா நேராக வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, இனி நீ சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அத்தை ஆரம்பித்தாள்.

“நான் தச்சுப் பொழச்ச மிஷின எனக்குத் தெரியாம வித்துட்டாரும்மா.”

“ம்” என்றார் அந்த அம்மா, அச்சு அசலாக எங்கள் ஊர் ம்.

“ஏன்னு கேட்டதுக்கு, நடுத்தெருவுல வச்சு கைய நீட்டிட்டாரு.”

“ம்.”

“எங்கண்ணன் கேட்டா கொதிச்சுப் போயிருவாவ. கேக்கத்தான் மாட்டேங்காவ.”

“ம்.”

ஒரு வார்த்தை புரியாமல் ஒரு வெள்ளைக்காரம்மா இப்படி ம் கொட்டுவதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்லிச் சிரிக்கவேண்டும் என்று திரும்பினேன். பின்னால் தூணருகே அப்பா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். விருந்தாளிகளுக்குக் கொண்டுபோகிற காபி. முன்னே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காபி ஆறிப்போகுதுப்பா” என்றேன்.

“ம்” என்றார்.

எனக்குத்தான் பதில் சொன்னார் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.