பேண்டேஜ் துணியில் ஓர் இறக்கை

கொதிக்கும் கஞ்சியின் ஆவியும் வெளுத்த பருத்தியின் நெடியும் கலந்த மணம் எங்கள் இராஜபாளையத்து வீட்டில் எப்போதும் இருக்கும். அம்மா கட்டுத்துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தாள். எண்பதுகளின் கடைசியில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, நூலகத்து இதழ் ஒன்றில் பார்த்த படத்தை வைத்துக்கொண்டு நானே ஒரு விமான இறக்கையைச் செய்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் சிம்புகளின் மேல் வீட்டில் கிடந்த "பேண்டேஜ் துணி"யைப் போர்த்தி, பின்விளிம்பில் கீழே மடங்கும் "ஃப்ளாப்" பட்டையையும், முன்விளிம்பில் சற்றே முன்னால் நகர்ந்து இடைவெளி விடும் "ஸ்லாட்" பட்டையையும் பொருத்தினேன். பலசரக்குக் கடை பாயிடம் இரவல் வாங்கிய தராசுக்கோலின் ஒரு முனையில் இறக்கையைக் கட்டி, மறுமுனைத் தட்டில் கொஞ்சம் குறைவாக எடைக்கல் வைத்து, எதிரே மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். தாழ்ந்து கிடந்த இறக்கை எழும்பவே இல்லை.

அம்மா துணியில் வாயை வைத்து ஊதிப் பார்த்தாள். "ஏட்டி, காத்து அம்புட்டும் ஓட்டை வழியா போயிருதே. புண்ணு காத்தாட இருக்கணும்னுதான இதை நெய்யுதோம்," என்று சிரித்தாள். நாளெல்லாம் அந்தத் துணியோடு வளர்ந்தும் இது தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. கெட்டிக் கஞ்சியை இரண்டு தடவை பூசிக் காயவைத்த பிறகு இறக்கை எழும்பியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பள்ளிக் கண்காட்சியில் நடுவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "யாரு செஞ்சு குடுத்தா? அப்பாவா, அண்ணனா?" என்றார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. நான் செய்தது என்னுடையதுதான் என்று அங்கேயே காட்டியாக வேண்டும். மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு இறக்கையை எழுப்பிக் காட்டினேன். "ஃபேனை மூணுல வச்சா அட்டைகூடப் பறக்கும்," என்று அவரே ஒன்றுக்குக் குறைத்தார். இறக்கை தாழ்ந்தது. பின்பட்டையைக் கீழே மடக்கினேன். வளைவு கூடிய இறக்கை அந்தக் கொஞ்சக் காற்றிலேயே மேலே வந்தது. தரையிறங்க வேகத்தைக் குறைக்கும் விமானம் விழாமலிருப்பது இதனால்தான் என்றேன். அவர் விடவில்லை. இறக்கையைத் தராசுக்கோலில் கட்டியிருந்த கம்பியை வளைத்து முன்விளிம்பை நன்றாக மேலே நிமிர்த்திவிட்டார். மேற்பரப்பை விட்டுக் காற்று பிரிந்துபோக, இறக்கை தொப்பென்று இறங்கியது. முன்பட்டையை நகர்த்தி இடைவெளியைத் திறந்தேன். கீழிருந்து அதன் வழியே புகுந்த காற்று மேற்பரப்பை ஒட்டி ஓட, இறக்கை மறுபடி எழுந்து நின்றது.

"கஞ்சி மட்டுந்தான் நான் காச்சுனேன் சார். மத்ததெல்லாம் அவதான்," என்றாள் என்னோடு வந்து பின்னால் நின்ற அம்மா. அப்போதுதான் அவர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கண்காட்சி நடந்த மண்டபம் இன்று இல்லை. இறக்கையைக் கரையான் தின்றுவிட்டது. நான் விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பட்டைகளை இறக்கி ஏற்றிச் சோதித்து முடித்ததும் ஒரு தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்திடுவேன். அதைப் பார்க்காமல் விமானி வண்டியை எடுக்க மாட்டார்.