தலைமைப் பதவி கொடுத்த எடை மெஷின்

மகள் வாங்கிக் கட்டிவிட்ட ஸ்மார்ட் கைக்கடிகாரம் இன்று காலையும் என் பெயரைப் போட்டு, ‘இன்னும் கொஞ்சம் நடக்கலாமே’ என்றது. சிரித்த சிரிப்பில் காபி சிந்திவிட்டது. எல்லாம் தனபால் ஞாபகம்தான்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் சிதம்பரத்தில் மனநல மருத்துவராக வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனபால் குமராட்சிப் பக்கம் மினிபஸ் கண்டக்டர். மனச்சிதைவு நோய். டிவியில் செய்தி வாசிப்பவர் தனக்கு மட்டும் ரகசியம் சொல்வதாக நம்பி, இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர். ஒலான்சபைன் மாத்திரை எழுதிக் கொடுத்தேன். செய்தி வாசிப்பவர் அடங்கினார், பசி கிளம்பிவிட்டது.

“மாத்திரைய நிறுத்திடுறேன் டாக்டரம்மா. பஸ்ஸுல நான் நடுவுல நின்னா ஒருத்தரும் எறங்க முடியல. ஓனரு வேற ஆளு பாக்குறாரு.”

“சோத்துப் பானைய மாத்திட்டேங்க. அதுவும் பத்தல” என்றார் மனைவி செல்வி.

நிறுத்தினால் நோய் திரும்பும். தொடர்ந்தால் வேலை போகும். வேறு மாத்திரைக்கு மாற்றலாம், அதற்கு முன் எடை தெரிய வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி எடை மெஷின் முள்ளோ யார் ஏறினாலும் ஐம்பதைத் தாண்டாது. அந்தக் கருணைக்காகவே நான் அடிக்கடி அதில் ஏறுவேன். “பஸ் ஸ்டாண்டு மெஷின்ல பாத்துட்டு வாங்க” என்று இருவரையும் அனுப்பினேன்.

போன பிறகுதான் எனக்கு உறைத்தது. காசு போட்டால் விளக்கெல்லாம் சுழன்று எடைச் சீட்டு துப்புகிற மெஷின் அது. சீட்டின் பின்பக்கம் ஜோசியம் வேறு! டிவி பேசுகிறது என்றவரை நானே இன்னொரு மெஷினிடம் பேச அனுப்பியிருக்கிறேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெயிலில் ஓடினேன்.

அங்கே இருவரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தனபால் சீட்டை நீட்டினார். ‘தலைமைப் பதவி உங்களைத் தேடி வரும்.’ செல்வி தன் சீட்டைக் காட்டினார். அவருக்கும் தலைமைப் பதவி. “நீங்களும் ஏறுங்க” என்று தனபாலே காசு போட்டார். நம்புங்கள், எனக்கும் அதே பதவி!

“பாத்தீங்களா? எல்லாருக்கும் இதத்தான் சொல்லுது. எனக்குன்னு சொல்லல.”

இதைக் கேட்கத்தானே அத்தனை நாளும் மருந்து எழுதினேன்! பஸ் ஸ்டாண்டு என்று பார்க்காமல் குதித்துவிடலாம் போலிருந்தது.

“அப்ப மாத்திர வேல செய்யுது. நிறுத்த வாணாம், வேற மாத்திக் குடுங்க” என்றார் தனபால். பழையதை மெல்லக் குறைத்து, அவ்வளவாக எடை ஏற்றாத வேறொன்றுக்கு மாற்றினேன். கண்டக்டர் பை அவர் தோளிலேயே தங்கியது. என் சீட்டின் முன்பக்கத்தை மட்டும் யாருக்கும் காட்டவில்லை.

மெஷின் நின்ற இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். போன வாரம் ஓர் இளைஞர், “போன் எனக்குன்னே பேசுது டாக்டர்” என்றார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என் மணிக்கட்டில் என் பெயர் மின்னியது. இந்தக் காலத்து மெஷின் பெயர் சொல்லியே பேசுகிறதே! அந்தப் பழைய மெஷின் இருந்திருந்தால், ஒரு ரூபாய் போட்டு அவரை அதில் ஏற்றிக் காட்டியிருப்பேன்.