பதினைந்து பதினைந்து நிமிஷமாக

சிலி நாட்டின் சிலோயே தீவில், கில்யேன் கிராமத்தில் யாராவது படுத்த படுக்கையானால் எர்மிண்டா ஓயார்சுனைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அறுபத்தேழு வயது. பக்கத்துக் காஸ்த்ரோ நகர ஆஸ்பத்திரியில் பதினெட்டு மாதம் பயிற்சி எடுத்தவள். அதற்குப் பிறகு நாற்பது வருஷமாக ஊரார் உடம்புகளைப் புரட்டி, துடைத்து, நடக்கவைத்து வருகிறாள். அதைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேசினால் வேலை தாமதமாகும் என்பாள்.

ஐந்து வருஷமாக அவள் பொறுப்பில் இருப்பவர் தோன் அபேலார்தோ. அந்த ஊரில் தோன் என்றால் ஐயா. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது நடுக்குவாதம். காலை ஏழு, பதினொன்று, பிற்பகல் மூன்று, இரவு ஏழு என்று மாத்திரை. விழுங்கி முக்கால் மணியில் கைகால் இளகும், அதிலிருந்து இரண்டு மணி நேரம் மனிதர் நடமாடுவார். மாத்திரை தாமதமானால் விறகுக்கட்டைதான்.

செப்டம்பர் முதல் சனி இரவு, கோடை நேரம் என்று நாடே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும்போது, இந்த உடம்புக்கு அரசாங்க உத்தரவு எட்டாது. ஆகவே எர்மிண்டா ஒரு முறை வைத்திருந்தாள். மணி மாறும் ஞாயிற்றுக்கு முந்தைய புதன்கிழமை மாத்திரையைக் கால் மணி முன்னால் கொடுப்பாள். வியாழன் இன்னொரு கால் மணி, அப்படியே சனி வரை. ஞாயிறு வரும்போது உடம்பு புது நேரத்தில் நிற்கும்.

"பஸ்ஸ திடீர்னு திருப்பினா ஆளு விழுவான், தோன் அபேலார்தோ. மெதுவாத்தான் திருப்பணும்."

"ஓட்டுறது எப்படின்னு எனக்கே சொல்றியா?" என்பார் அவர்.

அந்த வருஷம் மாதா பிறந்தநாள் திருவிழா சரியாக அந்த ஞாயிறு வந்தது. பவனியில் நீலக்கொடி தோன் அபேலார்தோ பிடிப்பது வழக்கம். போன வருஷம் கால் எழவில்லை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இந்த வருஷம் நடந்தே தீருவேன் என்று ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பவனி பகல் பன்னிரண்டுக்கு.

புதன், வியாழன், வெள்ளி என்று முக்கால் மணி முன்னால் வந்தாயிற்று. வெள்ளி மாலை ரொட்டி வாங்கப் போனபோது கடைக்காரி சிரித்தாள்.

"மணி மாத்துறது அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டாங்களே, தெரியாதா உனக்கு? ரேடியோவுல பத்து நாளா கத்துறான்."

"எனக்கு ரேடியோ கேக்க எங்க நேரம்? செப்டம்பர் முதல் சனிக்கிழமைன்னா முதல் சனிக்கிழமைதான். எந்த வருஷமும் அப்படித்தான்."

"அரசாங்கம் உன்னைக் கேட்டுட்டுச் செய்யலையே, என்ன பண்றது?"

தப்பு தன்னுடையது என்று எர்மிண்டாவுக்குத் தெரிந்தது. வழியெல்லாம் யோசித்தாள். மாத்திரையைப் பழைய நேரத்துக்கே கொண்டுபோனால் ஒரு வேளை மாத்திரை முக்கால் மணி தள்ளிப்போகும். அந்த முக்கால் மணியும் மனிதர் இறுகிக் கிடப்பார், மறுநாளும் அதன் மிச்சம் இருக்கும். திருவிழாவுக்கு முந்தைய நாள் அந்த விளையாட்டு வேண்டாம். காலை மாத்திரை ஆறேகாலிலேயே நிற்கட்டும் என்று விட்டாள்.

ஞாயிறு காலை அடுப்பில் விறகு வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவர்க் கடிகாரம் ஏழு காட்டியது. மேஜைமேல் கிடந்த நோல்ஃபாவின் கைபேசி எட்டு காட்டியது. நோல்ஃபா தோன் அபேலார்தோவின் மகள்.

"இது பாட்டுக்கு மாறிக்கிச்சு," என்றாள் நோல்ஃபா. "தள்ளிவெச்சது இதுக்குத் தெரியல போல. விடு, சுவர்க் கடிகாரந்தான் சரி. பதினொன்றரைக்குக் கிளம்பினாப் போதும்."

எர்மிண்டா கையைத் துடைத்துக்கொண்டாள். "பவனி நடத்த வர்ற சாமியார் கையில என்ன கடிகாரம் இருக்கு?"

"அவர்கிட்ட ஏது கடிகாரம்? எல்லாத்துக்கும் கைபேசிதான்."

"தனியா இருக்குற மனுஷன். காஸ்த்ரோவுலேருந்து தானே வண்டி ஓட்டிக்கிட்டு வருவார். சொல்ல ஆள் இல்ல. அவர் பன்னிரண்டுன்னு வந்து நிக்கும்போது நமக்குப் பதினொண்ணு."

"யாராவது சொல்லியிருப்பாங்க."

"நாம பதினொண்ணுக்கே போவோம். அவருக்குச் சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் மழையில நிப்போம். சொல்லாம இருந்து நாம பன்னிரண்டுக்குப் போனா உங்கப்பாவுக்கு இந்த வருஷமும் கொடி இல்ல. எது தேவலாம்?"

நோல்ஃபா வண்டிச் சாவியைத் தேடப் போனாள். சுவர்க் கடிகாரப்படி பத்தேகாலுக்கு மாத்திரை, பதினொன்றுக்குக் கால் இளகிவிடும். அதன்மேல் அரை மணிக்கு இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வாயில் படக்கூடாது, மருந்தை வேலை செய்யவிடாது. பசிக்கிறது என்றவருக்கு உருளைக்கிழங்கு ரொட்டியில் ஒரு துண்டு மட்டும் கொடுத்தாள்.

கோயில் வாசலில் இருபது பேர்கூட இல்லை. பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாமியாரின் சிவப்பு வண்டி சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்து நின்றது.

"என்ன இது, ஊரே தூங்குதா?"

"ஊருக்கு மணி பதினொண்ணு சாமி," என்றார் கோயில் பொறுப்பாளர். "ஒரு மணி நேரம் பொறுத்துக்கிட்டா..."

"அடுத்த ஊர்ல பூசை வெச்சிருக்கேன். அங்கயும் இதே கூத்தா இருக்கும், யார் கண்டா? இருக்கறவங்களோட ஆரம்பிப்போம்."

கோயிலுக்குள் மாதா சுரூபத்தைத் தூக்கினார்கள். தோன் அபேலார்தோவின் கையில் கொடி ஏறியது. நடுக்கம் அடங்கியிருந்தது. நாலு அடி நன்றாக வைத்தார். கோயில் நிலைப்படியில் வந்ததும் இரண்டு காலும் தரையில் ஒட்டிக்கொண்டன. வாசற்படி கண்டால் இந்த நோய்க்காரர்களுக்கு அப்படித்தான் ஆகும். பின்னால் சுரூபம் தூக்கியவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தள்ளாதீங்க. யாரும் அவரைத் தொடக்கூடாது," என்றாள் எர்மிண்டா. முன்னால் போய்த் தன் காலணியை அவர் காலுக்கு முன்னே குறுக்காக வைத்தாள். "என் காலைத் தாண்டுங்க. மிதிச்சா உங்ககிட்ட வைத்தியச் செலவு வாங்குவேன்."

அவர் கீழே பார்த்தார். வலது கால் எழுந்து அவள் காலணியைத் தாண்டியது. இடது கால் பின்னாலேயே வந்தது. அப்புறம் நிற்கவில்லை. தூறலில் கொடி நனைந்து கம்போடு சுருண்டது. கோயில் மைதானம் முழுவதும் சுற்றி வந்தார், யார் தோளையும் பிடிக்காமல். எர்மிண்டா இரண்டடி பின்னால் வந்தாள். கண்ணை அவர் குதிகாலை விட்டு எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்கு மீதி ஊர் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. சாமியார் போய்விட்டார் என்றதும் ஒரே சண்டை. கொஞ்ச நேரத்தில், சாமியார் இல்லாவிட்டால் என்ன, நம்ம மாதாதானே என்று இன்னொரு சுற்றுக்குத் தயாரானார்கள்.

தோன் அபேலார்தோ நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க," என்றாள் எர்மிண்டா.

"மாத்திரை இன்னும் முக்கால் மணி தாங்கும். எனக்குக் கணக்கு தெரியாதா?"

அவர் கணக்கு சரி. எர்மிண்டா அவர் முழங்காலைப் பிடித்துப் பார்த்தாள், கணுக்காலை அசைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, கொடியை வைத்திருந்த பையனிடமிருந்து வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"பாதிச் சுற்று. மைதானத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில நோல்ஃபா நாற்காலியோட நிப்பா. அங்க கொடிய மாத்திக் கொடுத்துட்டு மறுபேச்சில்லாம உக்காரணும்."

"சரி எஜமானி," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.