ஊற்றை விட்டுவிட்ட வரைபடம்

அந்த வாரம் முழுவதும் என் மனம் வேறொரு நாட்டின் தலைநகரில் அலைந்துகொண்டிருந்தது. நான் தமிழ் கற்பிக்கும் அட்டன் பாடசாலையில் விவாதப் போட்டி. தலைநகர் அமைந்த மாவட்டத்தைத் தனி மாநிலமாக்கலாமா என்பது தலைப்பு. வரி செலுத்தியும் ஆட்சியில் முழு உரிமை பெறாத மக்களின் வழக்கை ஓர் அணிக்கு எழுதிக் கொடுத்தேன். தலைநகர் நாட்டார் அனைவருக்கும் பொது, அதை அங்கே குடியிருப்போருக்கு மட்டும் உரியதாக்க இயலாது என்ற வழக்கை மற்ற அணிக்கு எழுதினேன். இரண்டும் எனக்கு எளிதாகவே வந்தன. எந்த அணி வென்றாலும் என் வீட்டுக் கூரையில் ஒரு தகரமும் அசையப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தங்கை தொலைபேசியில் அழைத்தாள். மஸ்கெலியாவுக்கு மேலே நாங்கள் பிறந்த தேயிலைத் தோட்டத்தில்தான் அவள் அப்போதும் கொழுந்து பறிக்கும் வேலையில் இருந்தாள். குடியிருந்ததும் அங்கேயே, மேல் லயத்தில், தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்றில்.

"அண்ணே, நம்ம தோட்டத்தக் கிராமமா ஆக்கப் போறாங்களாம். நாளைக்குப் பெரட்டுக்களத்துல கூட்டம். கவர்மெண்டு ஆபீசுல இருந்து ஐயா ஒருத்தரு வர்றாரு. நீங்களும் வாங்க."

"ஆக்கட்டுமே. நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதான்னு கேக்கத்தானே கூப்புடுறேன். நீங்க பாட்டுக்கு நல்லதுன்னு சொல்லிட்டா?"

நான் விவாதத் தலைப்பைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தலைநகரத்துக்காரங்களுக்கே அந்தக் கதியா? அப்ப நாமெல்லாம் எந்த மூலைக்கு!" என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. "வயசாயிருச்சுல்ல, வர்ற சித்திரையோட எனக்கு வேல முடியுதுண்ணே."

அதற்குமேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. லயத்து வீடு தோட்ட வேலையோடு ஒட்டியது. கணவர் காலமாகிவிட்டார், மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். சித்திரைக்குப் பின் அந்த வீட்டிலிருந்து வேலைக்கு இறங்க ஒருவரும் இல்லை. தோட்டக் கம்பனி அந்த வீட்டைத் திருப்பிக் கேட்டால், கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். தோட்டம் கிராமமாக அறிவிக்கப்பட்டாலோ, வீடும் அது நிற்கும் நிலமும் அவள் பெயருக்கு வரும்.

மறுநாள் காலைப் பேருந்தில் இருக்கை கிடைத்தும் என்னால் அமர முடியவில்லை. எழுந்து நின்றேன், மறுபடி அமர்ந்தேன். பக்கத்திலிருந்தவர் தாம் நெருக்குவதாக எண்ணிச் சற்றே ஒதுங்கினார். நேற்றுவரை இரு பக்கமும் பேசிய நாவில் இன்று ஒரே ஒரு பக்கம்தான் நின்றது: எல்லோரும் கை தூக்கிவிட வேண்டும்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கோயிலிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கொழுந்து நிறுக்கும் கொட்டகையின் சுவரில் வரைபடம் தொங்கியது. அதன் அருகே நின்ற அலுவலர் யாழ்ப்பாணத்தவர், பொறுமையாகப் பேசினார்.

"எல்லாரும் கதிரையில இருங்கோ," என்றார்.

ஒருவரும் உட்காரவில்லை. பெண்கள் தத்தம் கங்காணிமாருக்குப் பின்னால் குழுக் குழுவாக நின்றார்கள். ஆண்கள் மறுபுறம் நின்றார்கள். விடியற்காலையில் அந்தக் களத்தில் நிற்பது அப்படித்தான். கங்காணி எந்த மலையில் வேலை என்று சொல்வார். அந்த மலைக்கு ஏறிவிடுவார்கள். ஏன் அந்த மலை என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. கால்கள் அந்த இடத்தில் தாமாகவே அப்படி நின்றுவிடுகின்றன.

அலுவலர் கிராமத்தின் நன்மைகளை விளக்கினார். வீட்டுக்கு அவரவர் பெயரில் உறுதிப்பத்திரம், பிரதேச சபையின் செலவில் பாதை, கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போகாமல் நேரே வாசலுக்கு வருதல். சொல்லி முடித்து, "கேள்வி ஒண்டும் இல்லையோ?" என்றார்.

படத்தின் சுருண்ட முனையை ஒருமுறை அழுத்திவிட்டார்.

"அப்ப சரி. ஆதரவெண்டால் கையை உயர்த்துங்கோ."

எல்லோரும் கங்காணிமாரைப் பார்த்தார்கள். கங்காணிமார் தரையைப் பார்த்தார்கள். ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "எந்த மலைன்னு சொல்லுங்க ஐயா, போயிருவோம்!" என்றது. களம் முழுவதும் சிரித்தது. அலுவலருக்கு மட்டும் விளங்கவில்லை.

எனக்குக் கை பரபரத்தது. தூக்கிப் பயனில்லை, என் பெயர் குடியிருப்பாளராக அட்டனில் பதிவாகி எத்தனையோ காலமாகிறது. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் குழுவிலிருந்து விலகி முன்னால் வந்தாள். கை தூக்கப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி, தொரசாணி ஆயிட்டியா?" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"காலு வலிக்குது, உக்காந்துட்டேன். ஒங்களுக்கு வலிக்கலன்னா நில்லுங்கடி."

இரண்டு மூன்று பேர் சிரித்தபடி வந்து அமர்ந்தார்கள். பிறகு இன்னும் சிலர். தங்கை நாற்காலியில் இருந்தபடியே கேட்டாள்:

"ஐயா, அந்தப் படத்துல எங்க பீலி எங்க இருக்கு?"

மேல் லயத்துக்கும் மேலே தேயிலைக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. அதன் நீர்தான் பீலி என்று நாங்கள் சொல்லும் தண்ணீர்த் துறையில் விழுந்து, குழாய் வழியே எல்லா லயங்களுக்கும் போகிறது. அலுவலரின் விரல் கிராம எல்லையின் சிவப்புக் கோட்டைத் தொட்டு நகர்ந்தது. கோடு மேல் லயத்தின் பின்சுவரோடு திரும்பிவிட்டது.

"ஊற்று கம்பனியின்ர காணிக்குள்ள நிக்குது, அம்மா. பிறகு கிராமத்துக்கு ஒரு தண்ணித் திட்டம் வரும்."

"எப்பங்க?"

"அதை இப்ப சொல்லேலாது."

"இப்ப கொழாய் ஒடைஞ்சா தோட்டத்துல வந்து கட்டித் தர்றாங்க. கிராமமாயிட்டா நாங்க அவங்க ஆளு இல்லையே. அப்ப யாருகிட்டப் போயி நிக்கிறது?"

இப்போது பல குரல்கள் எழுந்தன. கங்காணி ஒருவரே, "அதானே, அதச் சொல்லுங்க" என்றார். அலுவலர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நியாயமான கேள்வி. அதை நான் யோசிக்கேல்லை," என்றார். ஊற்றையும் சேர்த்து மறுபடி அளக்கச் சொல்வதாகவும், அதுவரை கை தூக்க வேண்டாம் என்றும் சொல்லிப் படத்தைச் சுருட்டினார். அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டதற்கு, "அறிவிப்பம்" என்றார்.

மேல் லயத்துக்கு ஏறும்போது என்னால் அடக்க முடியவில்லை. "பேசாம கையத் தூக்கியிருந்தா வீடு இந்நேரம் ஒன்னோடதும்மா."

"தூக்கியிருக்கலாம். அப்புறம் தண்ணி நின்னுபோச்சுன்னா கீழ் லயத்துக்காரிங்க கொடத்தோட யாரு வாசல்ல வந்து நிப்பாளுங்க? நான் மட்டும் வீட்டக் கட்டிக்கிட்டு என்னத்தண்ணே குடிக்கிறது?"

"சித்திரைக்குள்ள அளந்து படம் வரலன்னா?"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். "அதத்தான் நானும் நெனச்சுக்கிட்டே வர்றேன். நீங்க வேற ஏன் கேக்குறீங்க?"

சித்திரை வந்து போயிற்று. படம் வரவில்லை. தோட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, வீட்டை எப்போது விடுகிறாய் என்று கேட்டுப் போனார். படம் வரட்டும், பார்க்கலாம் என்று தங்கை சொன்னாளாம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்கு வந்துவிடு என்று நானும் என் மனைவியும் பலமுறை அழைத்துவிட்டோம். "இப்ப நான் எறங்கி வந்துட்டா, படம் வர்ற அன்னிக்கு இந்த வீட்டுல ஆளே இல்லன்னு எழுதிருவாங்க" என்கிறாள். ஓர் இரவுகூட வெளியே தங்குவதில்லை. தீபாவளிக்கும் மகன்தான் கொழும்பிலிருந்து ஏறி வந்தான்.

அவளுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருக்கிறது. அவள் வைத்தியசாலைக்குப் போகும் நாள்களில் பாடசாலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பேருந்தில் நான் மேல் லயத்துக்குப் போய்விடுகிறேன். வீட்டில் ஆள் இருக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்து, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி முன்னறையிலேயே அமர்ந்திருக்கிறேன். கொண்டுபோன புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நகர்வதில்லை. கீழே வளைவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போகிறேன். வருவது நிலம் அளப்பவரா, வீட்டைக் கேட்பவரா என்று அது வளைவைத் தாண்டும்வரை தெரிவதில்லை.